தனக்கொடியும் முசேயின் வயிறும்

லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் தனக்கொடியை நாய்க்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். காலை ஐந்தரைக்கு ஒரு பழைய ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஆறு வீட்டு நாய்களை ஒவ்வொன்றாக நடக்கக் கூட்டிப்போவாள். எல்லாம் பெரிய ரக நாய்கள். இவளோ ஐந்தடிக்கும் குறைவு. தூரத்திலிருந்து பார்த்தால் நாய்தான் இவளை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். கிட்டத்தில் வந்தால்தான் அது ஒரு காதை இவள் பக்கமே வைத்துக்கொண்டு நடப்பது தெரியும்.

அவள் முதலியார்பேட்டையில் ஒரு மில் தொழிலாளியின் மகள். இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினோரு வருடம் டப்பாவுக்கு மூடி போட்டாள். கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். அந்த வீட்டு டாபர்மேனுக்குப் பயந்து எல்லா வேலைக்காரர்களும் ஓடிவிட, அதற்குச் சோறு வைக்கிற வேலையும் இவள் தலையில் விழுந்தது. அப்படித்தான் நாய்களிடம் வந்து சேர்ந்தாள். படித்தது எட்டாம் வகுப்பு.

நான் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போனாலும் குரல் போகவில்லை என்று என் வீட்டுக்காரர் ஜானகிராமன் சொல்வார். அந்தக் குரலை அதிகம் கேட்டவள் தனக்கொடிதான். எங்கள் மகன் இளஞ்செழியன் ஆசைப்பட்டு ஒரு கிரேட் டேன் குட்டியை வாங்கினான். அது வளர்ந்து கன்றுக்குட்டி உயரம் வந்த நேரத்தில் அவனுக்குப் பிரான்சில் வேலை கிடைத்துவிட்டது. நாய் எங்களிடம் தங்கியது. சோபாவில் கால்மேல் கால் போட்டு, பென்ஷன் வாங்கும் பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் தோரணையில் உட்காரும் என்பதால் அதற்கு முசே என்று பெயர், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். எடை அறுபத்திரண்டு கிலோ. மகனை விட்ட குறைக்கு அதைத்தான் நான் கொஞ்சிக்கொண்டிருந்தேன், வெளியே சொல்வதில்லை.

முசேக்குத் தனக்கொடி ஏகப்பட்ட சட்டம் வைத்திருந்தாள். ஒரு நாள் சோற்றை மூன்று வேளையாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். தட்டின் நடுவில் பெரிய கூழாங்கல் ஒன்றைப் போடுவாள், அவசரமாக அள்ளாமல் கல்லைச் சுற்றிச் சுற்றித் தின்பதற்காக. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓடக்கூடாது, விளையாடக்கூடாது. நாய்க்கு டைம்டேபிள் போடுகிறாளே என்று நான் கேலி செய்வேன். நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு உள்ளே ஊஞ்சல் மாதிரி தொங்கும், நிறையப் போட்டு ஆட்டினால் சுற்றிக்கொள்ளும் என்பாள். நான் கேட்டமட்டும் கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவேன்.

போன ஆடி அமாவாசை அன்று தனக்கொடி காலையில் வரவில்லை. அவள் வீட்டிலும் படையல். நான்கு மணிக்கு வருகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அமாவாசையில் காக்கை சோறு எடுக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எதுவும் போடமாட்டோம். முசேயும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே என்று அதற்கும் காலைச் சோறு வைக்கவில்லை. அது என் உத்தரவு. அன்றைக்கென்று பார்த்துக் காக்கைகளுக்கு ஊரெல்லாம் விருந்து. எங்கள் மாடிக்கு ஒன்று வந்து சேரும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. பாவம், பட்டினி கிடந்த பிள்ளை என்று முசேக்குத் தனி இலை போட்டேன். சோறு, சாம்பார், வடை, பாயசம், மேலே இன்னொரு கரண்டி சோறு. கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷத்தில் இலை காலி. ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்திருந்த உறவுக்காரப் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் துள்ளி விளையாடியது. பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மணிக்கு அது ஒரு மாதிரி நின்றது. கழுத்தை நீட்டி வாந்தி எடுக்கப் பார்க்கும், நுரைதான் வரும். படுக்கும், உடனே எழுந்திருக்கும். வாயுதான், கேஸ் என்று நான் முடிவு செய்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். அரை மணி கழித்து மறுபடியும் கொடுத்தேன். ஜானகிராமன் டாக்டருக்குப் போன் போடலாமா என்றார். நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று அவர் வாயை அடைத்தேன்.

நான்கு மணிக்குத் தனக்கொடி வந்தாள். வாசலிலேயே நின்று முசேயை ஒரு பார்வை பார்த்தாள். வந்து இடது விலாவுக்குக் கீழே விரலால் தட்டினாள். காலிக் குடத்தைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள், வெளுத்துப் போயிருந்தது. எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டது என்று ஜானகிராமனிடம் கேட்டாள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"இது கேஸ் இல்லம்மா. வயிறு முறுக்கிக்கிச்சு. இப்பவே தூக்கணும்."

நான் இன்னும் ஒரு தடவை ஓமத் தண்ணீர் என்று ஆரம்பித்தேன். அவள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். முப்பது வருட சர்வீஸில் என் கையிலிருந்து எதையும் யாரும் அப்படி வாங்கியதில்லை. அதற்குள் அவள் போனில் டாக்டர் சுமலதாவிடம் பேசிக்கொண்டிருந்தாள், ஆபரேஷனுக்கு எடுத்துவைக்கச் சொல்லி. தெருமுனையில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த இராமதாஸின் குட்டியானை லோடு வண்டியை மடக்கினாள். கேன்களையெல்லாம் ரோட்டோரம் இறக்கவைத்தாள். முசேயைப் பெட்ஷீட்டில் கிடத்தி நான்கு பேர் தூக்கி ஏற்றினோம். வழியெல்லாம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் ஊரைக் கூட்டுகிறாளே என்று கறுவிக்கொண்டு வந்தேன். பயமாகவும் இருந்தது. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது எனக்குப் பழக்கம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போதிலிருந்து என்பது.

"இப்பதான் டாக்டர். ஒரு அரை மணி நேரம் இருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், வெட்கம்தான். லேட்டாக வந்தவன் சொன்ன பொய்யையெல்லாம் கண்டுபிடித்து மெமோ கொடுத்தவள் நான்.

"இல்ல டாக்டர்" என்றாள் தனக்கொடி. "ரெண்டு மணிக்கே ஆரம்பிச்சிருக்கு. காலையில இருந்து பட்டினி. ஒரு மணிக்கு எல நெறைய சோறு, பாயசம், ஒரு வாளித் தண்ணி. அப்புறம் மாடியில ஓடியிருக்கு. ஓமத் தண்ணி ரெண்டு வாட்டி குடுத்திருக்காங்க."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. என்னை அவர் மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. விலாவில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றினார், சைக்கிள் டியூப் மாதிரி உஸ்ஸென்று இறங்கியது. அரை மணி என்றால் முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்திருப்பாராம். இத்தனை நேரமாகிவிட்டால் வயிற்றுச் சதையே அழுக ஆரம்பித்திருக்கும், நேரே திறந்துவிட வேண்டியதுதான், பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே பெஞ்சில் நானும் அவளும் மட்டும். ஜானகிராமன் மருந்து வாங்கப் போயிருந்தார். மூன்றாம் மனுஷி முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாயே என்று அவளைக் கேட்டேன், நாய் உள்ளே கிடக்கும்போது. என் புத்தி அப்படி.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மொத வூட்ல ராணின்னு டாபர்மேன் இருந்துச்சும்மா. சோறு போட்ட கையோட வைத்திக்குப்பம் மணல்ல ஓட வுட்டேன். இதே மாரி ஆச்சு. வெளக்கெண்ண தடவிக்கிட்டே மூணு மணி நேரம் ஒக்காந்திருந்தேன். டாக்டரு கேட்டப்ப, இப்பதான் சார்னு சொன்னேன். வேல போயிடும்னு பயம். அவரு அஜீரணம்னு ஊசி போட்டு அனுப்பிட்டாரு. வர்ற வழியில ஆட்டோவுலயே போயிடுச்சு."

முந்தானையில் ஒட்டியிருந்த முசேயின் முடியை எடுத்துக்கொண்டே, "அந்த வூட்டம்மா எனக்கு ஆறுதல் சொன்னாங்க" என்றாள்.

நாய் செத்த மறுவாரம் அதே டாக்டரிடம் போய் நின்று, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டாளாம். அவர் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, வயிறு எப்படிச் சுற்றுகிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லி வாங்கி வந்திருக்கிறாள். அந்த வீட்டம்மாவிடமும் போய்ச் சொன்னாள். பயந்தபடியே வேலை போனது. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் மற்ற வீடுகளில் வேலை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் ராணி கதையைச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாளாம். எங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாய்க்காக மட்டும் இல்லை. தன் தப்பைத் தானே போய்ச் சொல்லி வேலையை இழந்தவர்கள் எவரையும் என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய மனுஷியைத்தான் கல் எதற்கு, டைம்டேபிள் எதற்கு என்று இரண்டு வருடமாகக் கேலி செய்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். வயிற்றில் ஒரு சின்னப் பகுதி கறுத்திருந்ததாம், வெட்டி எடுத்துத் தைத்தாயிற்று. மறுபடி சுற்றாதபடி வயிற்றை உடம்பின் உள்பக்கச் சுவரோடு சேர்த்தும் தைத்துவிட்டாராம். இன்றிரவு தாண்டினால் பயமில்லை, தாண்டிவிடும் என்றுதான் நினைக்கிறேன் என்றார். தனக்கொடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பிரான்சிலிருந்து மகன் போன் செய்தான். அப்பா அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன், என்னம்மா ஆச்சு, யாராவது கண்டதைப் போட்டுவிட்டார்களா, தனக்கொடியக்கா எங்கே போனார்கள் என்று படபடவென்று கேட்டான். அமாவாசை, வீடு நிறைய ஆட்கள், யார் என்ன போட்டார்களோ என்று பதில் என் வாயில் தயாராக இருந்தது. தனக்கொடி தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான்டா போட்டேன்" என்றேன். "ரெண்டு மணி நேரம் சும்மா வேற வச்சிருந்தேன். முழுசா சொல்றேன், கேளு."