நம்பர் தெரிகிற செட்டிங்

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் காரை நிறுத்தியிருந்தேன். நரைத்த மீசைக்காரர் ஒருவர், கேமரா பொருத்திய ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என் காரையே சுற்றிக்கொண்டிருந்தார். கேமராவில் எதையோ மாற்றுவார், நம்பர் பிளேட்டைப் படமெடுப்பார், மறுபடி மாற்றுவார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“என் வண்டி நம்பர் உங்களுக்கு எதுக்கு?” என்றேன்.

“செட்டிங் பாத்துக்கினு இருக்கேங்க. வைடு ஆங்கிள்ல வெச்சா நம்பர் சின்னதாப் பூடுது. செகண்டுக்கு முப்பது ஃபிரேம்ல ஓடற வண்டி நம்பர் கலங்கிப் போவுது. இப்ப அறுபது வெச்சிருக்கேன்.”

“நம்பர் தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?”

“ஒலக்கூர் கிட்ட என் தம்பிய ஒரு காரு அடிச்சிட்டு நிக்காமப் போச்சிங்க. அவன் இன்னும் எழுந்து நடக்கல. பின்னால பைக்குல வந்த என் கேமராவுல எல்லாம் பதிஞ்சிது, நம்பர் மட்டும் தெரியல. வெள்ளைக் காரு.”

என் காரும் வெள்ளைதான். அவர் முன் பம்பரிலிருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

“வீட்டு கேட்டுல உரசினது,” என்று கேட்காமலே சொன்னேன்.

“கொஞ்சம் ஸ்பீடாப் போங்க. பைக்குல பின்னாலயே வந்து படத்துல நம்பர் வருதானு பாக்கறேன்,” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

விழுப்புரம் பக்கம் வண்டியை விரட்டினேன். அவர் சோதித்தது கேமராவை மட்டும்தானா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.