ஸ்லைடில் தெரியாததைத் தேடியவர்

டாக்டர் ஸ்டெல்லா காலமானார் என்று சேலத்திலிருந்து போன் வந்தபோது, அவர் முன்பு பொறுப்பிலிருந்த அதே ரத்த வங்கியில் கையுறையோடு நின்றிருந்தேன். வெளியே வரிசை. அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தப்பாகத் தெரியாது. அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போகாத ஆள் குறைவு. ஒடிசா, சத்தீஸ்கர் என்று காட்டில் கிடப்பார்கள். காய்ச்சல் வந்தால் இரண்டு மலேரியா மாத்திரை. விட்டதும் மீதி அடுத்தவனுக்கு. பழனியப்பனும் அப்படித்தான் செய்துவிட்டு ஊர் வந்திருந்தார். மகளின் அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுக்க வந்தார். அவர் ரத்தத்துளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் ஒன்றுமில்லை.

“மாத்திரை முழுசாப் போட்டீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“காச்சல் நின்னுபோச்சுங்க, அப்பறம் எதுக்குங்க?”

“அப்ப கிருமி குறைஞ்சிருக்கும், செத்திருக்காது. மைக்ராஸ்கோப்புல சிக்காது. இன்னும் நுட்பமான டெஸ்டுக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் உங்க ரத்தம் வேண்டாம்.”

பழனியப்பன் கொதித்துப்போனார். “பெத்தவன் ரத்தம் ஆவாதுங்களா? ஏனுங்க, எம்புள்ள செத்தாத்தான் உங்களுக்குத் திருப்தியா?” அவர் மனைவி தலையிலடித்துக்கொண்டு அழுதார். ஸ்லைடுதான் சுத்தமாயிற்றே, எதற்கு வம்பு என்று மேலிடத்திலிருந்தும் போன். எனக்கே எரிச்சல். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “கத்தட்டும் விடுப்பா. அவருக்குக் கத்த உரிமை இருக்கு” என்றார்.

அந்தப் பிள்ளைக்கு வேறொருவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். பிறகு டெஸ்ட் முடிவு வந்தது: மலேரியா. ஸ்லைடில் அகப்படாத அளவுக்குக் கொஞ்சம், ஆனால் இருந்தது. பழனியப்பன் சுவரோரம் குந்திவிட்டார். “நானே எம்புள்ளைக்கு ஏத்தியிருப்பனுங்களே, சாமி…” டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறை மாத்திரையை முழுசாகச் சாப்பிடச் சொன்னார். ஜெயித்த முகமே இல்லை, களைப்பு மட்டும்தான்.

இன்றைக்கும் அந்த டெஸ்டுக்கு ரத்தம் வெளியூர் போய்த்தான் முடிவு வருகிறது. இங்கேயே அந்த வசதி வேண்டுமென்று கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாள், ஒடிசாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் இப்போதைக்கு ரத்தம் எடுக்க முடியாது என்றேன். கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார், என் பிறப்பு வரைக்கும் இழுத்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டேன். “முடிவு வரட்டுங்க” என்றேன்.

திட்டு வாங்கிக்கொண்டு நகராமல் நிற்பது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பாழாய்ப்போன சொத்து, விட்டுத்தொலைக்கவும் முடியவில்லை.