பயன் சொல்லும் நேரம்

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பாட்டைப் படித்து முடித்துவிட்டு நிறுத்துவார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நிறுத்தம்தான். பின்னேர அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்திய நேரம். களப்பு நீரின் உப்புக் காற்று யன்னல் சீலையைத் தூக்கிக்கொண்டிருக்கும். மடியில் புராணம் விரிந்திருக்கும். எதிரே யாரும் உட்காராத வெறும் கதிரை. அந்தக் கதிரையைப் பார்த்தபடி, யாரோ பேசுவதைக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்து இருப்பார். பிறகு ஒருமுறை தலையசைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார்.

நான் புத்தளத்தில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் எங்களுடையது. பக்கத்து வீட்டு மாஸ்டர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். காலை வேலை முடிந்து வந்ததும் அவருக்குப் பிரஷர் பார்ப்பது என் பொறுப்பு. அவர்களுடைய கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு படிக்க, எதிரே இருப்பவர் அதன் பொருளை விரித்துச் சொல்வாராம். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். இந்த வீட்டில் படிப்பது மாஸ்டர், பயன் சொல்வது அவர் மனைவி. அவரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். கொரோனாக் காலத்தில் மாமி காலமானார். மாஸ்டர் படிப்பை விடவில்லை. பயனுக்கான நேரத்தையும் விடவில்லை.

எனக்குப் பயம் பிடித்தது அதில்தான். சும்மா நிறுத்துகிறவர் ஒரே அளவாகத்தானே நிறுத்துவார்? இவருக்கோ சில பாட்டுக்கு நிறுத்தம் குறுகியதாக இருக்கும், சிலதற்கு நீண்டுகொண்டே போகும். நடுவில் புருவம் சுருங்கும், பிறகு தெளியும். ஒருநாள் அந்த நேரத்தில் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். படிக்கும்போது ஓடிக்கொண்டிருந்த நாடி, உறங்குகிற குழந்தையின் நாடி போல அடங்கிக் கிடந்தது. பயத்துக்குக் காவலாக ஓதும் ஆயத்துல் குர்ஸியை நான் மனதுக்குள் ஓதத் தொடங்கிவிட்டேன். அன்றைக்குப் பிரஷர் பார்த்திருக்க வேண்டியது எனக்குத்தான்.

அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். “படிக்கிறது பாதிதான் பிள்ளை, கேக்கிறது மற்றப் பாதி,” என்றார். “பாட்டிலை ஏறின மூச்சு பயனிலை இறங்கவேணும். காலை மடிச்சுக்கொண்டு இருக்கிறது மட்டும் யோகமில்லை, இதுவும் யோகம்தான்.” ஓதும் இடத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று என்னையும் வளர்த்திருந்தார்கள். அவர் கையை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

போன வருடம் மாஸ்டரின் மகள் கனடாவிலிருந்து வந்தார். அப்பா வெறும் கதிரையோடு கதைக்கிறார் என்று ஊரார் சொன்ன கதை அங்கேவரை போயிருந்தது. வீட்டைப் பூட்டி, அவரைக் கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவோடுதான் வந்திருந்தார். மாஸ்டர் சண்டை பிடிக்கவில்லை. அம்மா இன்னும் சொல்லி முடிக்கேல்லை, முடியட்டும், பிறகு எங்கை வேணுமெண்டாலும் வாறன் என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதும் மகளுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னையும் சொல்லச் சொன்னார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், கணக்கு வழக்கு மறக்கவில்லை என்று நான் நழுவினேன்.

மகளிடம் ஒரு குரல் பதிவு இருந்தது. மாமி உயிரோடு இருந்த காலத்தில், வீட்டில் படித்த ஒரு பகுதியைப் பதிந்து கனடாவுக்கு அனுப்பியிருந்தார். உண்மையான குரலைக் கேட்டால் கதிரையில் யாரும் இல்லை என்பது அப்பாவுக்கு விளங்கும் என்று மகள் நினைத்தார். படிப்பு அந்தப் பகுதிக்கு வரும்வரை பார்த்திருந்தார். போர்க்களத்தில் உயிர்போகும் நேரத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடி அழுகிற பாட்டு அது. மாஸ்டர் படித்து நிறுத்தியதும் மகள் போனை அழுத்தினார். மாமியின் குரல் அறையில் எழுந்தது. இடையில் அவருடைய இருமல்கூட அப்படியே வந்தது. பெற்றவளின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாத பிள்ளையை நினைத்துத் தாய் நொந்து அழுகிறாள் என்று மாமி பயன் சொன்னார்.

மாஸ்டர் மரியாதையோடு கடைசிவரை கேட்டார்.

“உது அப்ப சொன்னது,” என்றார். “இப்ப அவ இந்தப் பாட்டுக்கு வேறை மாதிரிச் சொல்லுறா.”

மகளுடைய முகம் கறுத்தது. பைத்தியத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கிறவர் போல, “என்ன சொல்லுறா?” என்று கேட்டார்.

“பிள்ளை வரேல்லை எண்டு தாய் அழேல்லையாம். வந்தால் அதுவும் இந்தக் களத்திலை செத்துப்போகும், வந்திடக்கூடாது எண்டுதான் அழுகிறாவாம்.”

மகள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அங்கிருந்தபடியே சொல்லத் தொடங்கினார். மாமி சாவதற்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்குப் போன் எடுத்திருக்கிறார். “நீ வராதை” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். கோபத்தில் சொன்ன சொல் என்று மகள் இத்தனை காலமும் நெஞ்சில் வைத்து வெந்திருக்கிறார். நோய் பரவிக் கிடந்த நேரம் அது என்பதைச் சேர்த்து நினைக்க அவரால் முடியவில்லை. அந்தப் போனைப் பற்றி அப்பாவிடமோ வேறு எவரிடமோ அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வீட்டுக்கு ஓட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பாட்டைப் படிக்கச் சொன்னார். மாஸ்டர் படித்தார், நிறுத்தினார். சீலை அசையவில்லை. நான் என் மூச்சையே கேட்டுக்கொண்டு இருந்தேன். நிறுத்தம் நீண்டது.

அப்போது அப்பாவும் மகளும், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.