படகுக்கு வைத்த பிளாஸ்டர்

வெலிங்டன் ஏரியில் எனக்குப் பாதிப் படகு இருந்தது. பன்னிரண்டு அடி பைபர் படகு. மறுபாதி திட்டக்குடி நண்பருடையது. அவர் ஏரியில் மீன் பிடிக்கிறவர். நான் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சிறு பட்டறையில் அச்சுப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2003இல் சேர்ந்து வாங்கினோம். நான் சொல்லப்போவது அடுத்த வருடம் நடந்தது. மாசி மாதம் என்று மனம் சொல்கிறது, என் நோட்டில் பங்குனி என்று இருக்கிறது. மாதத்தைப் பொறுத்தவரை நோட்டை நம்பலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வலை கிடையாது, தூண்டில்தான். படகு மெல்லப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் நீளமாக நைலான் நரம்பு இழுபட்டு வரும். நுனியில் காம்பு வெட்டிய எவர்சில்வர் ஸ்பூனும் முள்ளும். ஸ்பூன் தண்ணீருக்குள் புரண்டு மின்னுவதைக் குஞ்சு மீன் என்று நினைத்து வாளை மீன் பாயும். துடுப்பு ஒரே சீராக விழ வேண்டும். வேகம் கூடினால் ஸ்பூன் மேலே வந்துவிடும், குறைந்தால் அடியில் கிடக்கும் முள்மரத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சீர் நண்பருடைய மச்சானுக்குத்தான் கைவந்திருந்தது. மனைவியின் தம்பி. முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகள், நல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார்.

பராமரிப்பு என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்டது. மாதம் ஒரு முறை படகைக் கவிழ்த்துப்போட்டுப் பாசி தேய்ப்பேன். முள்களை உப்புத்தாளில் தீட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பேன். நரம்பை விரல்களுக்கிடையே முழுதாக ஓட்டி, எங்கே சொரசொரக்கிறதோ அங்கே வெட்டி முடிந்துவிடுவேன். செய்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதுவேன்.

"போன வாரம் தூண்டில ஈரத்தோட சுருட்டி வெச்சது யாரு?" என்று மச்சானைக் கேட்டிருக்கிறேன்.

"நான்தான் சார். தூக்குல போட்டுருங்க."

"முள்ளு துருப்பிடிச்சா மீன் நிக்காதுங்க."

"மாமா, சார் என்னைய நோட்டுல ஏத்திட்டாரு. இனிமே பேரன் காலம் வரைக்கும் பேசுவாங்க."

நண்பர் சிரிப்பார். நான் உண்மையிலேயே எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை படகின் அடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் கண்டேன். தேய்த்துப் பார்த்தால் உள்ளே பைபர் நூல்நூலாகப் பிரிந்திருந்தது. கண்ணாடி நார்த்துணி வைத்துப் பிசின் பூச வேண்டும். பிசின் இருந்தது, அதை இறுகவைக்கும் மருந்து தீர்ந்துபோயிருந்தது. முந்தின மாதமே வாங்கியிருக்க வேண்டியது, மறந்துவிட்டேன். மறுநாள் படகு வேண்டும் என்று நண்பர் சொல்லியிருந்தார். "நான் மறந்துட்டேன், படகு தயாரில்லை" என்று மச்சான் எதிரில் சொல்ல வாய் வரவில்லை. என் பையில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இருந்தது. குழைத்து விரிசலில் அடைத்தேன். கால் மணியில் கல்லாக இறுகியது. மேலே நீலப் பெயின்ட் அடித்தேன். நோட்டில், "அடியில் விரிசல். பிசின் வைத்து அடைத்தாயிற்று" என்று எழுதினேன். அடுத்த வாரம் சரியாகச் செய்துவிட்டால் அது பொய்யாகாது என்பது என் கணக்கு.

பிளாஸ்டரைப் பற்றி அறியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். பொம்மை அச்சுகளைப் பிளாஸ்டரில் செய்வதே அது தண்ணீரைக் குடிக்கும் என்பதற்காகத்தான். களிமண் குழம்பை ஊற்றினால் அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மண் சுவரோடு படிந்து நிற்கும். அதைத் தினமும் பார்ப்பதுதான் என் வேலை.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடித்து நான் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் நனைந்து கரையில் உட்கார்ந்திருந்தார்கள். படகு பாதி மூழ்கி, சற்றுத் தள்ளிக் கிடந்தது. தூண்டில் பெட்டியும் பிடித்த இரண்டு வாளையும் ஏரிக்குள் போய்விட்டன. நண்பருக்கு இடது முழங்கால் மடங்காது, நீச்சலும் அதனால் அரைகுறைதான். மச்சான்தான் அவரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நீந்தி வந்திருக்கிறார்.

நண்பர் நடுங்கிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார். "கல்லுமேல ஏத்துனியாடா? கண்ணு எங்க வெச்சிருந்த?"

"கல்லே இல்ல மாமா. சும்மா போயிட்டு இருக்கும்போதே தண்ணி வந்துச்சு."

"சும்மா வருமா? நேத்துதான் சார் படகப் பாத்தாரு. சார், நோட்டுல என்ன இருக்குது, படிங்க."

மச்சானும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நம்பிக்கை இருந்தது. நோட்டு தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்திருக்கிறார். நான் பையைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, நிதானமாகப் படித்தேன். "பிசின் வைத்து அடைத்தாயிற்று."

"கேட்டியா? இனிமே என் படகுல கால வெக்காத. என் வூட்டுப் பக்கமும் வராத."

மச்சான் சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை மருந்து வாங்கி வந்து, ஊறிப்போன பிளாஸ்டரை யாரும் பார்க்காமல் சுரண்டிப் போட்டுவிட்டுப் பிசின் வைத்தேன். அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன் சாமி" என்று ஒரே வரியில் முடித்தேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிகாரமாக அவர் கொடுத்த ஜெபங்களைச் சொல்லிவிட்டு அன்று நன்றாகத் தூங்கினேன். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

துடுப்புக்கு வேறொருவர் வந்தார். வாளை சரியாக விழவில்லை. தீபாவளிக்கு மச்சான் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோனபோது நண்பரின் மனைவி அதை வாங்கிக்கொண்டு, "என் தம்பி புள்ளைங்களுக்கு யாரு சார் கொண்டுபோய்த் தருவா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகுதான் நான் நல்லூருக்குப் போனேன்.

மச்சான் ஒரு கட்டட வேலையில் கலவை போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பிளாஸ்டரா? பொம்மைக்கு ஊத்துவீங்களே, அதா?"

"அதுதான்."

"அதானா சார்! எனக்கே சந்தேகம் வந்திருச்சு. நெசமாவே கல்லுல ஏத்திட்டனோன்னு. எத்தன நாளு அதையே நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைக் கழுவினார். "எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? எங்க அக்காகிட்ட சொல்லுங்க. இருங்க, நானும் வரேன். பஸ்ஸு இருக்குது." நாளைக்குப் போகலாம் என்றேன். "நாளைக்கு நீங்க வரமாட்டீங்க சார்" என்றார். அதில் கோபம் இல்லை. என்னைச் சரியாகக் கணித்திருந்தார்.

திட்டக்குடி வரை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். டிக்கெட்டை அவரே எடுத்தார். வீட்டு வாசலில் அவர் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போய், நண்பரிடமும் அவர் மனைவியிடமும், ஏரிக்கரையில் படித்த அதே குரலில் சொல்ல முயன்றேன். திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

நண்பர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி புருஷனைத்தான் பார்த்தார்.

"அவன் உன்னைய இழுத்துக்கிட்டு நீந்தி வந்தான்யா. அவன் சொன்னத நம்பாம நோட்ட நம்புன."

பிறகு வாசலுக்குப் போய்த் தம்பியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். தட்டு வைத்தார், மூன்று தட்டு. அதில் ஒன்று எனக்கு. "உக்காருங்க சார், ஆறிடும்" என்றார். குழம்பில் கிடந்தது வாளைதான். நண்பரும் மச்சானும் முதலில் தயங்கி, பிறகு அந்த வாரத்து மீனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். போதும் என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. நண்பரின் மனைவி மறுபடியும் மறுபடியும் போட்டுக்கொண்டே இருந்தார்.