சிவப்பு வண்டியின் இடது ஸ்பீக்கர்

கூரை திறந்த சிவப்புக் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு மனிதர் பின்பக்கம் பார்த்து மண்டியிட்டிருக்கிறார். கம்பெனிச் சீருடை, இஸ்திரி கலையாத பேன்ட், கழுத்தில் அடையாள அட்டை. இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்கிறார். இருங்காட்டுக்கோட்டை சர்வீஸ் ரோட்டில் என் கடைக்கு முன்னால் ஷிப்டு முடிந்து வரிசையாகப் போகும் கம்பெனிப் பேருந்துகளின் ஜன்னல்களிலெல்லாம் தலைகள். ஒருவர் விடாமல் வேடிக்கை பார்க்கிறார்கள். அவரை அப்படி உட்காரவைத்தவள் நான்தான். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அவரை நாங்கள் பிரஸ் ஷாப் சார் என்றுதான் சொல்வோம். கார்க் கம்பெனியில் இரும்புத் தகட்டைக் கதவாகவும் கூரையாகவும் அடித்து எடுக்கிற பகுதிக்கு அவர் ஷிப்டு பொறுப்பாளர். ஒவ்வோர் அடிக்கும் தரை அதிரும் என்பார்கள். வாலாஜாபாத் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர், கறார் பேர்வழி. கையுறையை ஒருநாள் போட்டுவிட்டுத் தூக்கி எறிந்தால்கூடப் பிடித்துக்கொள்வார். “கம்பெனி பொருள்னா இன்னா, மரத்துலயா காய்க்குது?” என்று அவர் சத்தம் போடுவதை அங்கே வேலை பார்த்த பையன்கள் என் கடைக்கு வரும்போது நடித்துக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆடம்பரம், அந்த இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். ஊர் திரும்பிய வெளிநாட்டு அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. ஞாயிற்றுக்கிழமையானால் அதில் மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவார். மற்ற நாளில் அதற்குப் போர்வை போர்த்தியிருப்பார்.

நான் கோவில்பட்டிக்காரி. ஒரகடத்தில் வண்டிகளுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் எட்டு வருடம் நின்று வேலை பார்த்தவள். அங்கே முதல் நாள் சொல்லித்தருவது மூன்றே விஷயம்: சொருகு, ‘க்ளிக்’ சத்தத்தைக் கேள், இழுத்துப் பார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிற கடை போட்டேன். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை சுத்தம். என் வயரிங்கைக் கம்பெனி வயரிங்கிலிருந்து பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது, அந்தத் திமிர் எனக்கு இன்றும் உண்டு.

சார் வந்தது அந்தத் திமிரைக் கேள்விப்பட்டுத்தான். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு இறங்கி, நான் கதவில் கை வைக்கும் முன்னால் தன் கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்தார். “ஏம்மா, இதுல சவுண்டு நல்லா பண்ணணும். ஆனா வெளிய ஒண்ணும் தெரியக்கூடாது. பட்டன், லைட்டு, ஸ்பீக்கர் மேல மூடி கீற ஜாலி எல்லாம் வண்டி வந்தப்ப எப்டி கீதோ அப்டியே இருக்கணும். லெப்ட் சைடு சத்தமே வர்ல, அதுதான் முக்கியம்” என்றார். “அப்படியே அந்தமானிக்கிச் செஞ்சு தாரேன் சார். பிரிச்சுப் பாத்தாக்கூடத் தெரியாது” என்றேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியின் இடது ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. கேட்காமல் போயிருந்தது சாரின் இடது காது. ஒரு நாள் வண்டியில் பாட்டுக் கேட்கும்போதுதான் ஒரு பக்கம் அடைத்த மாதிரி அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார். இருபத்தைந்து வருடம் அந்த இடிச் சத்தத்தில் நின்றவர் அல்லவா, உள்ளுக்குள் பயம். கம்பெனியில் வருடாந்திரக் காதுப் பரிசோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் காது கேட்கவில்லை என்று எழுதிவிட்டால் பிரஸ் பக்கம் விடமாட்டார்கள், ஸ்டோர்ஸில் ஒரு மேசையைப் போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம், ஒரு காது போனால் இன்னொன்றும் போய்விடும் என்பது. மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் கண்டது ஒரு வண்டியை மட்டும்தான்.

ஆசை ஆசையாகச் செய்தேன். பழைய பெட்டியின் முகத்தில் கை வைக்கவில்லை. அதன் பின்னால் ஒரு இணைப்பு வயரைக் கட்டி, கம்பெனி வயர் ஒன்றையும் வெட்டாமல், சின்ன ஆம்ப்ளிஃபயரை இடது இருக்கைக்கு அடியில் ஒளித்தேன். கதவுகளைப் பிரித்து உள்ளே அதிர்வு அடங்குகிற தகடு ஒட்டி, புது ஸ்பீக்கர்களை வைத்து, மேலே பழைய ஜாலியையே மாட்டினேன். ஒரகடத்தில் சுற்றுவோமே, அதே கறுப்புத் துணி டேப்பைத் தேடி வாங்கி, அதே இடைவெளியில் சுற்றினேன். எல்லாம் முடிந்து பாட்டைப் போட்டேன். அடேயப்பா! பாடுகிறவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. நான் மட்டும் தனியாக அரைமணி நேரம் கேட்டேன்.

சார் வந்து உட்கார்ந்தார். கேட்டார். முகம் தொங்கிப்போயிற்று. “லெப்ட்ல வர்லம்மா” என்றார். எனக்குச் சுரீரென்றது. “என்ன சார் சொல்லுதீங்க? நல்லாத்தானே கேக்கு?” என்றேன். இல்லை என்று தலையாட்டினார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்பீக்கரை மாற்றினேன். மறுவாரம் வந்து அதையே சொன்னார். வயரை மாற்றினேன். அப்போதும் அதே பல்லவி. கடைசியில் ஆத்திரத்தில், இடது பக்கச் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி அனுப்பிவிட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். எட்டு வருடம் வேலை பார்த்த இடத்தில் இப்படிச் செய்திருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள். குறை எங்கே என்று தெரியாமல் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அந்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலையில் ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா வந்து இறங்கினார். சாரின் மனைவி. இறங்கும்போதே குரல் ஏறியிருந்தது. “நீதான் அந்தப் பாட்டுக்காரப் பொண்ணா? இன்னாமா பண்ணி வெச்சிருக்க? நான் குந்துற பக்கம் காது கிழியுது. அவுரு பாட்டுக்கு ஒண்ணும் கேக்காத மாதிரி ஓட்டினு போறாரு!” உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்ததும் குரல் இறங்கிவிட்டது. நாலு மாதமாக வண்டியில் தான் எது பேசினாலும் அவரிடமிருந்து பதில் இல்லை என்றார். வீட்டிலும் பாதிப் பேச்சுக்குப் பதில் இல்லையாம். “முன்னல்லாம் அப்டி இல்ல. ஞாயித்துக்கெழமை அந்த வண்டில போறப்பதான் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே. இப்ப பேசினா, திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. இந்த வயசுல என் பேச்சு புடிக்காம போயிடுச்சு போலக்கீது” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவர் போன பிறகும் வேலை ஓடவில்லை. அந்த அம்மாவுக்குக் காது கிழிகிற சத்தம் சாருக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

வயர் கட்டுகிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறை எதில் என்று பிடிபடாவிட்டால், இடதை வலதில் மாற்றிப் போட வேண்டும். குறை கூடவே போனால் பொருளில் கோளாறு. இருந்த இடத்திலேயே இருந்தால் வேறு எதிலோ. நான் ஸ்பீக்கரை மாற்றிவிட்டேன், வயரை மாற்றிவிட்டேன். மாற்றிப் பார்க்காத ஒன்றே ஒன்றுதான் பாக்கி, சாரின் தலை. போன் செய்து வண்டியோடு வரச் சொன்னேன். சாயங்காலம் ஷிப்டு முடிந்து அவர் வந்ததும் கேட்டுவிட்டேன். “சார், கோச்சுக்கிடாதீங்க. சீட்ல பின்னால திரும்பி முட்டி போட்டு உக்காருங்க.”

“இன்னாமா, வெளாட்றியா?” என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி மண்டியிட்டார். இரண்டு பக்கத்தையும் சமமாக வைத்துப் பாட்டைப் போட்டேன். இப்போது அவருடைய நல்ல காது இடது கதவின் பக்கம். பேருந்துகள் போயின. அவர் கண்ணைத் திறக்கவில்லை. “எந்தப் பக்கம் சார் கேக்கல?” என்று கேட்டேன். வலது கதவைக் கைகாட்டினார். எனக்கு விளங்கிவிட்டது, எனக்கு விளங்கியது அவருக்கும் தெரிந்துவிட்டது. நான் பாட்டை நிறுத்தினேன்.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா” என்றார், திரும்பாமலே. அவ்வளவு பெரிய குரல்காரர் அப்படிக் கெஞ்சியதை என்னால் தாங்க முடியவில்லை. பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் முதலில் வாயில் வந்தது. “நல்லா இருக்கு சார் நீங்க செய்யுதது! காலைல அக்கா இங்க உக்காந்து அழுதுட்டுப் போறாங்க. அவங்க பேச்சு உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. உங்க இடது பக்கம் உக்காந்து நாலு மாசமா செவுத்துக்கிட்ட பேசியிருக்காங்க. நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?” என்றேன். அவர் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். அவள் அழுதாளா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு போனை எடுத்து, வலது காதில் வைத்து, “ஒண்ணுமில்ல, நீ கொஞ்சம் கடையாண்ட வா” என்றார்.

மனைவி வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நாகரிகமாக உள்ளே போய்விட்டேன். எட்டிப் பார்த்தபோது அந்த அம்மா அவருடைய வலது பக்கமாக வந்து நின்று திட்டிக்கொண்டிருந்தார், கையை மட்டும் அவர் தோளிலிருந்து எடுக்கவில்லை. மறுநாள் காலை காஞ்சிபுரத்தில் ஒரு காது டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மறுநாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நரம்பு போயிருந்தால் திரும்பாது என்று யாரோ எப்போதோ சொன்னது மண்டையைக் குடைந்தது. இரண்டு முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை.

மூன்று மணிவாக்கில் சிவப்பு வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியது அந்த அம்மா. சிரித்துக்கொண்டே, கையிலிருந்த சின்ன மருந்து டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினார். உள்ளே அழுக்குப் படிந்து கறுத்துப்போய் ஏதோ ஒரு துண்டு. “பாரும்மா, உங்க சாரோட செவிடு இதுதான்!” என்றார்.

ஆரஞ்சு நிற நுரை அடைப்பான், பாதி. பிரஸ் ஷாப்பில் எல்லோரும் காதில் சத்தம் புகாமல் வைத்துக்கொள்வது. கம்பெனி வேண்டிய மட்டும் கொடுக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு ஜோடி. நம் சாருக்கு அது பொறுக்குமா? ஒன்றை எடுத்து, கத்தரியால் இரண்டாக நறுக்கி, ஒரு காதுக்குப் பாதி, மறு காதுக்குப் பாதி. இதைப் பையன்களிடம் பெருமையாக வேறு செய்துகாட்டியிருக்கிறார். பாதியாக நறுக்கினால் பிடித்து இழுக்க நுனி இருக்காது என்று அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் இடது பக்கத்துத் துண்டு உள்ளே போய்விட்டது. காணவில்லை என்றதும் எங்கேயோ விழுந்துவிட்டது என்று விட்டுவிட்டார். அதுவும் அழுக்கும் சேர்ந்து நாலு மாதம் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் இடுக்கியால் எடுத்துக் காட்டி, இது என்ன என்று கேட்டாராம். உள்ளே கொஞ்சம் புண், சொட்டு மருந்து விட்டால் ஆறிவிடும், நரம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டயர்க் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது என் கடை பெரிதாகிவிட்டது. சார் இன்னும் பிரஸ் ஷாப்பில்தான் இருக்கிறார், இன்னும் கையுறைக்குச் சண்டை போடுகிறார் என்று கேள்வி. காது அடைப்பானை மட்டும் ஜோடியாகவே எடுக்கிறாராம். அந்த வண்டிக்குப் பிறகு எத்தனையோ வண்டிகளுக்கு வெளியில் தெரியாமல் பாட்டு மாட்டியிருக்கிறேன். சிலது அதைவிட நன்றாகக்கூட அமைந்தது. ஆனால் மனசில் நிற்பது அன்றைக்கு அவர்கள் கிளம்பிய அந்த ஐந்து நிமிடம்.

சார் பழையபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். மனைவி இடது பக்கம் ஏறினார். பாட்டைப் போட்டேன். சார் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. “நல்லா பண்ணியிருக்கம்மா, அப்பவே நல்லாதான் பண்ணியிருக்க” என்றார். அப்புறம் தானே கையை நீட்டிப் பாட்டை அணைத்துவிட்டார். வண்டியைக் கிளப்பினார், இன்ஜின் உறுமியது. நாலு மாதமாகக் கேட்காத காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத்தானே பேசிப் பழகிப்போயிருந்த அந்த அம்மா, வெளியே பார்த்தபடி உதட்டுக்குள் முணுமுணுத்தார்: “பெரிய கஞ்சன்.”

“யாரைப் பாத்துக் கஞ்சன்ற?” என்றார் சார்.

அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, அதே தாழ்ந்த குரலில், “உன்னைத்தான்யா” என்றார்.