கறிக்கடை மாடியில் தலையாட்டிய குளவி

மானிட்டரில் வந்த குளவிக்கு இரண்டு முகம் இருந்தது. ஒன்று நேராக என்னைப் பார்த்தது. இன்னொன்று, அதன் பின்னாலிருந்து வெளிறிப்போய், சற்றே தலையைச் சாய்த்து, அதுவும் என்னைத்தான் பார்த்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பூச்சிகளை மேக்ரோ எடுப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. லென்ஸை அவ்வளவு கிட்டே கொண்டுபோனால் ஒரு ஷாட்டில் தலைமுடி அகலம்தான் ஷார்ப்பாக விழும். கண் தெளிந்தால் மீசை மங்கிவிடும். அதனால் கேமராவைச் சின்னத் தண்டவாளம் போன்ற ரெயிலில் ஏற்றி, இம்மியளவு நகர்த்தி நகர்த்தி நூற்றுக்கணக்கில் எடுத்து, சாஃப்ட்வேரில் ஒன்றாக அடுக்குவோம். ஸ்டாக்கிங் என்பது இதுதான். நடுவில் ஏதாவது ஆடிவிட்டால் படத்தில் இரட்டை உருவம் விழும். அதற்குத் தொழிலில் கோஸ்ட், அதாவது பேய், என்றே பெயர்.

என் ஸ்டூடியோ சிவாஜிநகரில், கௌஸ் பாய் கறிக்கடைக்கு மேலே. கல்யாண ஆல்பம் போட்ட காலத்தில் அவர் கத்தியால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. பூச்சிக்கு வந்த பிறகுதான், கட்டையில் விழும் ஒவ்வொரு வெட்டும் என் மேஜைக்கு ஏறி வந்தது. ஸ்பாஞ்சு, ரப்பர், மணல் மூட்டை எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வெள்ளிக்கிழமை மதியம் என்று வைத்துக்கொண்டேன். பாய் ஷட்டரை இழுத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போவார். தெருவும் கொஞ்சம் அடங்கும். அந்த அமைதிக்குள் ஒரு ஸ்டாக்கை முடித்துவிடுவேன்.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். கடை மூடியிருந்தது. ஃபேனை நிறுத்தியிருந்தேன். ஜன்னலில் கறுப்புத் துணி. பிறகு யார் ஆட்டியது?

குளவி நந்தினி மேடத்துடையது. பூச்சிகளை ஆராய்கிற கன்னடக்காரர். அத்திபெலே பக்கம் ஓர் ஏரிக்கரையில் அதைப் பிடித்தார். அந்தக் கரையில் இப்போது வீட்டுமனை லேஅவுட் போட்டுவிட்டார்கள். அப்படியொரு குளவியை வேறு யாரும் எங்கும் பார்த்துச் சொன்னதில்லை. ஊசியில் நிற்கும் இந்த ஒன்றுதான் மொத்தச் சாட்சி. காலையில் டப்பாவைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"ஸ்டெல்லா அவரே, இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இப்படி ஒரு குளவி இருந்துச்சுன்னே யாரும் நம்பமாட்டாங்க. என் வேலை மொத்தமும் போச்சு."

மறுபடி எடுத்தேன். இந்த முறை கேமராவின் லைவ் வியூ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பச்சை உலோகம் மாதிரி மின்னும் முகம், திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நின்றது. பாதி ஸ்டாக்கில் அது மெல்லக் குனிந்தது. அப்படியே நின்றது. பிறகு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல நிமிர்ந்தது.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கை சிலுவை போட்டுவிட்டது. ஆஸ்டின் டவுனில் ஜெபமாலையோடு வளர்ந்த கை, என்னைக் கேட்டுக்கொண்டா போடும்? செத்துக் காய்ந்து வருடக்கணக்காக ஊசியில் நிற்கிற ஒன்று என் எதிரில் தலையாட்டுகிறது. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

கீழே ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. படிக்கட்டுக்கு ஓடினேன்.

"பாய்! இப்பதான் வர்றீங்களா, முன்னாடியே வந்து வெட்டுனீங்களா?"

"இப்பதான்மா வர்றேன். இன்னும் கத்தியே எடுக்கல. என்னா ஆச்சு, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் வெட்டாதீங்க, பாய்."

ஆடிய ஷாட்களைக் கழித்துவிட்டு மீதியை அடுக்குவதுதான் எங்கள் வழக்கம். கழித்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, குப்பைதானே. டெலீட் மேல் விரல் போயும்விட்டது. ஆனால் எதைப் பார்த்துப் பயந்தேன் என்று தெரியாமல் அந்த அறையில் இனி உட்கார முடியாது என்று பட்டது. ஆடியவற்றை மட்டும் சினிமா போல வரிசையாக ஓட்டினேன். தலை குனிகிறது. கழுத்தில் ஓர் இடுக்கு திறக்கிறது. இடுக்கில் பழுப்பாகச் சில முடிகள். தலை நிமிர்கிறது, முடிகள் உள்ளே போய்விடுகின்றன.

அந்தக் குளவிக்குப் பழுப்பு முடியே கிடையாது. போனை எடுத்தேன்.

"மேடம், உங்க குளவிக்குள்ள ஏதோ உயிரோட இருக்கு."

மேடம் அவசரமாகக் கேட்டார். "முடி தெரியுதா? பிரௌனா?"

"ஆமா."

"அய்யோ தேவரே. மியூசியம் வண்டோட புழு அது. காஞ்ச பூச்சியை உள்ளேர்ந்தே தின்னும். மொதல்ல லைட்டை ஆஃப் பண்ணுங்க, அந்தச் சூட்டுக்குத்தான் அலையுது. உடனே ஃப்ரீஸர்ல வைக்கணும். இங்க கொண்டுவராதீங்க, ஆட்டோ குலுக்கல்ல தலை விழுந்துடும்."

என்னிடம் ஃப்ரீஸர் ஏது? கீழே இருந்தது. டப்பாவை இரண்டு கவருக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, நிறைகுடம் தூக்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

பாய் கவரை உற்றுப் பார்த்தார். "செத்த பூச்சியை எதுக்கும்மா மறுபடி சாவடிக்கிறீங்க?"

"இது செத்தாச்சு, பாய். உள்ள இருக்கறதுதான் சாகணும்."

அவர் ஃப்ரீஸரில் ஆட்டுக்கால் மூட்டையை ஒதுக்கி இடம் விட்டார். சாயங்காலம் மழையில் நனைந்து வந்த நந்தினி மேடம், ஃப்ரீஸர் மூடிமேல் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். திறந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

சில வாரம் கழித்து, இன்னொரு வெள்ளிக்கிழமை மதியம், அதே மேஜையில் எடுத்தேன். ஒரு ஷாட்கூட ஆடவில்லை. முகத்துக்கு ஒரு சேதமும் இல்லை. பின்னாலிருந்து விளக்கைக் காட்டியபோதுதான் தெரிந்தது. நெஞ்சுக்குள் எதுவுமே மிச்சமில்லை, வெளிச்சம் அப்படியே ஊடுருவி வந்தது. கட்டுரைக்கு அந்த முகம் போதும் என்று மேடம் அழுதுகொண்டே சிரித்தார். குளவிக்கு ஓர் அறிவியல் பெயர் கிடைத்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆடிய ஷாட்டை அழிக்கும் முன், ஆடியது எது என்று ஒரு தடவை பாருங்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள். "அப்படியே உயிரோட இருக்கற மாதிரி இருக்கு!" எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நன்றி சொல்லி அனுப்பிவைக்கிறேன். அவர்கள் படியிறங்கியதும், குளவியின் கழுத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.