காலரில் தங்கிய பேச்சு

குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மருமகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று துணிக்குத் தெரியுமா என்ன? மெஷின் வாங்கலாம் என்று பேச்செடுத்தால், "மெஷின்ல போட்டா காலர் அழுக்குப் போகாது" என்பான் புருஷன். அந்தக் காலரில் அழுக்கு மட்டுமா இருக்கிறது என்பது தேய்க்கிற கைக்கல்லவா தெரியும்!

பேச்சும் இருக்கும். உடுத்தியவர் அன்றைக்குப் பேசியதில் ஏதாவது கொஞ்சம் துணியில் தங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் அவரவர் குரலிலேயே சொட்டும். கல்யாணமாகி வந்த புதிதிலேயே இதைக் கண்டுகொண்டவள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகளின் சீருடை வாய்ப்பாடு ஒப்பிக்கும், சிரித்துக்கொள்வாள். மற்றதெல்லாம் அழுக்கோடு அழுக்காய்ப் போகட்டும் என்று அலசிக் கொட்டிவிடுவாள்.

இன்றைக்கு அப்படிக் கொட்ட முடியவில்லை.

புருஷன் மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அங்கே பேக்கிங் பிரிவுக்குப் பெண்கள் தேவை என்று தெரிந்ததிலிருந்து, "சூப்பர்வைசர்கிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நச்சரித்தபடி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அதே வேலை பார்த்தவள்தான். நேற்று சாயங்காலம் வந்தவன், "எடுத்து முடிச்சுட்டாங்களாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்று உதட்டைப் பிதுக்கினான். அவளும் நம்பி, பாவம் மனுஷன் என்று சூடாகக் காபி போட்டுக் கொடுத்தாள்.

அந்தச் சட்டையைத்தான் இப்போது பிழிந்தாள்.

"என் பொண்டாட்டியா? அவ வீட்ல சும்மாதான் சார் இருக்கா. இதெல்லாம் அவளுக்கு வராது. நாளன்னைக்கு வர்றவங்கள்ல வேற யாரையாவது எடுத்துக்குங்க."

முக்கிப் பிழிந்தாள். மறுபடியும் அதே பேச்சு. சும்மாவாம்! அவள் துவைத்து, அவள் காயவைத்து, அவள் இஸ்திரி போட்ட சட்டைக்குள் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறான், சும்மாவாம்!

ஈரச் சட்டையோடு கூடத்துக்கு வந்தாள். புருஷன் செய்தித்தாளை விரித்திருந்தான். பக்கத்தில் மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் அந்தச் செய்தித்தாளின் மேலேயே சட்டையைப் பிழிந்தாள்.

"...வீட்ல சும்மாதான் சார் இருக்கா..."

அவன் துள்ளி எழுந்தான். "ஏய், என்னடி இது மாயம்!"

"மாயமாவது மந்திரமாவது. உங்க வாய்தான். நான் வந்த நாள்லேர்ந்து இந்த வீட்டுத் துணி மொத்தமும் என்கிட்ட பேசிக்கிட்டுதான் இருக்கு."

வெங்காயம் நறுக்கிய கை நின்றது.

"உன் நல்லதுக்குத்தான்... நாள் பூரா நின்னா கால் வீங்கிடும்..." என்று இழுத்தான் புருஷன்.

"இங்க மட்டும் ஊஞ்சல்ல உக்கார வெச்சா சோறு போடறீங்க? நாளைக்கு நானே வந்து சூப்பர்வைசரைப் பாக்கறேன். கையில சட்டையோட வரவா, சட்டை இல்லாம வரவா? அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

அவன் அம்மாவிடம் திரும்பினான். "பாத்தியாம்மா இவ பேசறதை? இவ போயிட்டா வீட்டை யாரு பாக்கறது? நீயாவது எடுத்துச் சொல்லேன்!"

மாமியார் தட்டைக் கீழே வைத்தாள். மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா, உன்னைத்தான்!" என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாளியில் ஊறுகிற தன் துணிகளை எடுக்க விறுவிறுவென்று குளியலறைப் பக்கம் போய்விட்டாள்.